பிஸ்டன் என்னும் உலக்கை

தெற்கேயிருந்து வடக்கே பிழைக்க வந்த நம்மவர்களில் ஒரு சாரார் பேனாவோடு வந்தார்கள். இன்னொரு சாரார் ஸ்பானரோடு வந்தார்கள். நான் இரண்டாவது ரகம். ரயில்வே டீசல் ஷெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் எண்ணெயும் கரியுமாகக் கழித்தவன். தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். ஆனாலும் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, தெரிந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம் என்று தோன்றியது. பிஸ்டன் என்ற ஒரே ஒரு சொல். இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் இந்த உறுப்புக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது, தமிழில் அதற்கு நாம் என்னென்ன பெயர் வைத்தோம், அவற்றுள் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதுதான் விஷயம்.

இயந்திரம் தெரியாத வாசகர்களுக்காக முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஹோலிப் பண்டிகையன்று நம் பிள்ளைகள் கையில் பிச்காரி வைத்துக்கொண்டு வருவார்கள் இல்லையா? ஊரில் மூங்கிலில் செய்துகொண்டு திரிந்தோமே, பீச்சாங்குழல், அதுவேதான். உள்ளே ஒரு குச்சி, குச்சியின் முனையில் துணி சுற்றிய கட்டை. குழலுக்குள் கட்டை இறுக்கமாகப் போய் வரும். பின்னால் இழுத்தால் நீர் ஏறும், முன்னால் தள்ளினால் பீச்சும். குழல்தான் சிலிண்டர், முனையிலுள்ள கட்டைதான் பிஸ்டன். பிச்காரியில் மனிதன் கட்டையைத் தள்ளுகிறான், கட்டை நீரைத் தள்ளுகிறது. என்ஜினில் இதுவே தலைகீழ். உள்ளே வெடிக்கிற வாயு கட்டையைத் தள்ளுகிறது, கட்டை சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவ்வளவுதான் வித்தை. மற்றதெல்லாம் நுணுக்கம்.

இனி பெயர். பிஸ்டன் என்பது ஆங்கிலச் சொல்லாகப் புழங்கினாலும் ஆங்கிலேயருக்கும் அது இரவல்தான். 1700களின் தொடக்கத்தில் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இத்தாலியரிடமிருந்து எடுத்தார்கள். இத்தாலிய மொழியில் 'பெஸ்தாரே' என்றால் இடிப்பது, குத்துவது. 'பெஸ்தோனே' என்றால் பெரிய உலக்கை. அதன் இன்னொரு உருவம்தான் 'பிஸ்தோனே'. ஆக, உலகமெல்லாம் மோட்டார் மெக்கானிக்குகள் வாயில் நித்தம் புரளும் இந்தச் சொல்லுக்கு அசல் அர்த்தம் உலக்கை! சமையலறை மூலையில் சாத்தி வைத்திருக்கும் அதே உலக்கை.

இன்னும் கொஞ்சம் ஆழத் தோண்டினால் லத்தீனில் 'பின்செரே' என்ற வினை வருகிறது. இடித்தல், பொடித்தல் என்று பொருள். தானியம் இடிக்கிறவனுக்கு, பிறகு ரொட்டி சுடுகிறவனுக்கு, ரோமாபுரியில் 'பிஸ்தோர்' என்று பெயர். மருந்துக்கடையில் கல்வத்தில் வைத்து இடிக்கும் சிறு குழவிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பெஸில்' என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். இக்காலப் பிள்ளைகள் ஹோட்டலில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்களே, பச்சையாக ஒரு துவையல் போட்ட பாஸ்தா, அந்தத் துவையலின் பெயர் 'பெஸ்தோ'. இடித்துச் செய்தது என்பதால் அந்தப் பெயர். ஒரே வயிற்றில் பிறந்த துவையலும் என்ஜின் உறுப்பும்!

நம் பக்கத்து உறவு ஒன்றும் இதில் இருக்கிறது. லத்தீன் 'பின்செரே'யும் வடமொழி 'பிஷ்' என்ற வேரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று மொழிநூலார் காட்டியிருக்கிறார்கள். பிஷ்டம் என்றால் மாவு. அந்த வழியில் வந்ததுதான் இந்தியில் 'பீஸ்னா'. சக்கிக்காரனிடம் போய் 'ஆட்டா பீஸ் தோ பையா' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்கிறார்களே, அந்தப் 'பீஸ்'தான் பிஸ்டனுக்குத் தூரத்து அண்ணன் தம்பி. தமிழில் பிட்டு என்ற பலகாரத்தின் பெயரையும் இதோடு சேர்ப்பவர்கள் உண்டு. அது பிளத்தல், பிட்டல் என்ற தமிழ் வினையிலிருந்தே வந்தது என்பவர்களும் உண்டு. மாணிக்கவாசகர் வரலாற்றில் வரும் பிட்டை எடுத்து வடமொழிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

பெயர் உலக்கை என்று ஆவதற்கு முன்பும் அந்த உறுப்பு இருந்தது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்ஸாண்டிரியா நகரில் க்தேசிபியோஸ் என்று ஒரு நாவிதர் மகன் இருந்தார். அப்பாவின் கடையில் கண்ணாடியை ஏற்றி இறக்க வசதியாக, ஒரு குழாய்க்குள் ஈயக் குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டாராம். குண்டு குழாய்க்குள் இறங்கும்போது உள்ளேயிருந்த காற்று நசுங்கி, 'புஸ்' என்று சத்தத்தோடு வெளியேறியதாம். அதைக் கவனித்ததிலிருந்து காற்றின் அழுத்தத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார் என்று ரோமானியச் சிற்பநூலாசிரியர் வித்ருவியுஸ் எழுதி வைத்திருக்கிறார். தண்ணீரை மேலே தள்ளும் பம்பு ஒன்றையும் க்தேசிபியோஸ் செய்தார். அதன் உள்ளுறுப்பைக் கடைசலில் வழவழப்பாக்கி எண்ணெய் பூச வேண்டும் என்கிறது அதே நூல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய குறிப்பு! எங்கள் ஷெட்டில் புதிதாக வரும் அப்ரண்டிஸ் பையனுக்கு முதல் நாள் நாங்கள் சொன்னதும் இதேதான்.

ஆனால் வித்ருவியுஸ் அதை உலக்கை என்று சொல்லவில்லை. 'எம்போலுஸ்' என்ற கிரேக்கச் சொல்லால் குறிக்கிறார். உள்ளே செருகியது, அடைப்பு என்று அர்த்தம். ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால் டாக்டர்கள் 'எம்பாலிஸம்' என்கிறார்களே, அந்தச் சொல்தான். ஜெர்மானியர் இன்றைக்கும் 'கோல்பென்' என்கிறார்கள். அதன் பழைய பொருள் தடி, கதை. பீமசேனன் கையில் இருப்பது போன்ற கதை. பாருங்கள், ஒருவனுக்கு அது அடைப்பு, ஒருவனுக்குத் தடி, ஒருவனுக்கு உலக்கை. வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒரு புதுச் சாமானைப் பார்த்து, தன் கைக்குப் பழகிய பழைய சாமானின் பெயரை அதற்கு இட்டார்கள். எவரும் அகராதியைப் புரட்டிக்கொண்டு உட்காரவில்லை.

நீராவிக் காலத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் டார்ட்மத் ஊரைச் சேர்ந்த இரும்புச் சாமான் வியாபாரி தாமஸ் நியூகமன். 1712இல் அவர் ஒரு சுரங்கத்தில் நீர் இறைக்க நிறுவிய இயந்திரத்தின் சிலிண்டர் 21 அங்குல அகலம். அந்தக் காலத்துக் கொல்லர்களால் அவ்வளவு பெரிய குழாயைச் சுத்த வட்டமாகக் குடைய முடியாது. அதனால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் சந்து விழும். நியூகமன் என்ன செய்தார் என்றால், பிஸ்டன் விளிம்பில் தோலை வைத்து, அதன் தலைமேல் கொஞ்சம் தண்ணீரையும் நிற்க வைத்துவிட்டார். சந்தைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். எளிமையான மூளை. எனக்கு நியூகமனை ரொம்பப் பிடிக்கும். ஜேம்ஸ் வாட்டின் புகழ் வெளிச்சத்தில் இந்த மனிதர் மங்கிப்போனார் என்பது என் வருத்தம்.

வாட் அப்படித் தண்ணீர் ஊற்ற முடியாது. ஏனென்றால் அவருடைய கண்டுபிடிப்பின் சாரமே சிலிண்டரை எப்போதும் சூடாக வைத்திருப்பதுதான். தண்ணீர் பட்டால் சூடு போய்விடும். 1769இல் காப்புரிமை கையில் வந்துவிட்டது, ஆனால் இயந்திரம் ஒழுகுகிறது. சணல் வைத்துப் பார்த்தார், தக்கை வைத்துப் பார்த்தார், கூழாக்கிய காகிதம், பழைய தொப்பியின் கம்பளி, எதையெதையோ திணித்துப் பார்த்தார். பிரச்சினையைத் தீர்த்தது பீரங்கி. ஜான் வில்கின்சன் என்ற இரும்பாலைக்காரர் பீரங்கிக் குழலைத் துல்லியமாகக் குடைய 1774இல் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதை வளர்த்து வாட்டுக்குச் சிலிண்டர் குடைந்து கொடுத்தார். 50 அங்குலச் சிலிண்டரில் பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம் அளவுக்குக்கூடப் பிசகில்லை என்று வாட்டின் பங்காளி போல்ட்டன் 1776இல் பெருமைப்பட்டு எழுதினார். இன்றைக்கு அந்தப் பிசகுள்ள சிலிண்டரை எந்த இன்ஸ்பெக்டரும் பாஸ் பண்ண மாட்டார், அது வேறு. நீராவி யுகம் அந்த நாணயக் கனத்தில்தான் தொடங்கியது.

இங்கே நம் பழமொழி ஒன்று நன்றாக வேலை செய்யும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்போம். நியூகமனின் பிஸ்டன் உரல் ஜாதி. ஒரு பக்கத்திலிருந்துதான் அதற்கு அடி. 1782இல் வாட் பதிவு செய்த இயந்திரத்தில் நீராவி இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் என்று மாறி மாறித் தள்ளும். அது மத்தளம். நாம் பார்த்து வளர்ந்த கரி என்ஜின்கள் எல்லாம் மத்தள ரகம். அதற்குப்பின் வந்த பெட்ரோல், டீசல் வண்டிகளில் மறுபடியும் பெரும்பாலும் உரல்தான். மெக்கானிகல் என்ஜினியரிங் படிக்கிற பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். பரீட்சைக்கு மறக்காது.

அடுத்து ரிங். பிஸ்டனைச் சுற்றி வளையம் போட்டிருப்பார்கள். கரி என்ஜின் ஆரம்பகாலத்தில் வளையம் கிடையாது, சணல் திரிதான். ஓடஓடத் தேயும், அடிக்கடி முடுக்க வேண்டும். 1850களின் தொடக்கத்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில்வே என்ஜினியர் ஒரு சின்ன யோசனை செய்தார். சிலிண்டரைவிடச் சற்றுப் பெரிய வளையம், அதில் ஓரிடத்தில் ஒரு வெட்டு. அழுத்திப் பிடித்து உள்ளே விட்டால் வளையம் தானாக விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தேய்ந்தாலும் விரிந்துகொண்டே போகும். முடுக்க ஆள் வேண்டாம். சென்னை ராயபுரத்திலிருந்து 1856இல் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டபோது இந்த யோசனைக்கு வயது சில வருஷந்தான். இன்று ஸ்கூட்டர் முதல் கப்பல் வரை ஓடும் பிஸ்டன் என்ஜின்களில் இருப்பது அந்த வெட்டு வளையத்தின் வம்சமே.

நம் உலக்கைக்கும் வளையம் உண்டே! முனையில் இரும்புப் பூண் கட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் தொழில் வேறு என்பது உண்மை. உலக்கைப் பூண் மரத்தைப் பிளக்காமல் காக்கிறது, பிஸ்டன் வளையம் வாயுவைக் கசியாமல் தடுக்கிறது. ஆனாலும் பிஸ்டன் ரிங்குக்குத் தமிழ் தேடியவர்களில் யாருக்காவது 'பூண்' நினைவுக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்ததுண்டு. இரண்டே எழுத்து, வாய்க்கு வசதி.

எங்கள் ஷெட்டில் வேலை செய்தது டபிள்யூ.டி.எம்.2 வகை என்ஜின்களுக்கு. அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பு. 1964 முதல் காசியிலுள்ள டீசல் என்ஜின் தொழிற்சாலையில் நம்மவர்களே கட்டினார்கள். அந்தத் தொழிற்சாலைக்கு 2020இல் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி. ஒவ்வொரு பிஸ்டனும் 9 அங்குலக் குறுக்களவு, ஏறி இறங்கும் தூரம் பத்தரை அங்குலம். முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 1000 சுற்று. கணக்குப் போட்டால் ஒரு பிஸ்டன் உள்ளுக்குள்ளேயே சராசரியாக மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதுவும் நேராக ஓடுகிற ஓட்டம் இல்லை. நிமிஷத்துக்கு 2000 தரம் நின்று, திரும்பி ஓட வேண்டும். ரயில் ஸ்டேஷனில் நிற்கும்போது பிளாட்பாரத்தில் சமோசா வாங்குகிறோம். அப்போதும் உள்ளே பதினாறு உலக்கை இடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஓவர்ஹால் சமயத்தில் தலையைக் கழற்றி, பிஸ்டனை அதன் கனெக்டிங் ராடோடு சேர்த்துச் செயின் பிளாக்கில் மேலே தூக்குவோம். கனமான தலை, நீண்ட தண்டு, சங்கிலியில் லேசாக ஆடிக்கொண்டே மேலே வரும். எங்களோடு போஜ்பூர் பக்கத்துக் கலாசி ஒருவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். புதிதாகச் சேர்ந்த நாட்களில் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, 'அரே, யே தோ மூஸல் ஹை!' என்றார். மூஸல் என்றால் உலக்கை. பக்கத்தில் நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு எனக்குச் சொல்லின் பூர்வோத்திரம் தெரியாது. அந்த மனிதர் ஒரே பார்வையில் இத்தாலியக் கம்மியர் பார்த்ததையே பார்த்திருக்கிறார் என்பது பல வருஷம் கழித்து அகராதி புரட்டியபோதுதான் விளங்கிற்று. 'ஓக்லீ மே சிர் தியா தோ மூஸல் ஸே க்யா டர்னா' என்ற இந்திப் பழமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். உரலில் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்குப் பயப்படலாமா என்று நாமும் சொல்கிறோம்.

இப்போது தமிழ்ப் பெயர்களுக்கு வருகிறேன். அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் ஆக்கும் முயற்சி புதிதல்ல. 1916இலேயே சேலத்தில் ராஜாஜி முதலானோர் கூடித் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் அமைத்தார்கள். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் பெருமுயற்சி எடுத்துக் கலைச்சொற்கள் தொகுத்தார்கள். வடசொல் வேண்டும், வேண்டாம் என்று அப்போது நடந்த சண்டை தனிக் கட்டுரைக்கு உரியது. அதற்குப் பிந்தைய தமிழ்நாட்டு நூல்களில் பிஸ்டனுக்கு 'உந்துதண்டு' என்றும் 'ஆடுதண்டு' என்றும் எழுதினார்கள். உந்துகிறது, ஆடுகிறது, ஆகவே அந்தப் பெயர். செயலைப் பார்த்து வைத்த பெயர்.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் இதில் எனக்கொரு குறை உண்டு. பிஸ்டன் தண்டு அல்ல. கரி என்ஜினில் பிஸ்டன் என்பது ஒரு தட்டு. அதன் நடுவிலிருந்து புறப்படும் கம்பிக்குத்தான் பிஸ்டன் ராட் என்று பெயர். பிஸ்டனே உந்துதண்டு என்றால் பிஸ்டன் ராடை என்னவென்று சொல்வது? உந்துதண்டுத் தண்டு என்றா? அதற்கப்பால் கனெக்டிங் ராட் இருக்கிறது. அது இணைப்புத் தண்டு. வால்வைத் தள்ளும் புஷ் ராட் வேறு இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் உந்துதண்டு என்ற பெயருக்குச் சொந்தக்காரன் அந்தப் புஷ் ராட்தான்! ஒரு ஷெட்டில் இத்தனை தண்டை வைத்துக்கொண்டு 'அந்தத் தண்டை எடு' என்றால் கலாசி எதை எடுப்பான்? அச்சில் பார்க்க அழகாக இருக்கிற சொல் வேலைத்தளத்துக்கு வந்ததும் தடுமாறுவது இப்படித்தான்.

இலங்கைத் தமிழர்கள் வேறு வழி போனார்கள். நம் சங்க நூலகத்தில் இலங்கைப் பாடநூல் ஒன்று பழைய பெட்டியில் கிடந்தது. வெப்பத்தைப் பற்றிய பாடத்தைப் புரட்டினால் சிலிண்டருக்குள்ளே 'முசலம்' இருக்கிறது. முதலில் திகைத்துப்போனேன். முசலம் என்றால் வடமொழியில் உலக்கை. பலராமன் கையில் கலப்பையோடு இருக்கும் ஆயுதம். மகாபாரதத்தில் யாதவ குலத்தை அழிக்க ஓர் இரும்பு உலக்கை பிறக்கிறதே, அந்த மௌசல பர்வத்து முசலம். எங்கள் கலாசி சொன்ன மூஸலும் அதுவே. 1950களிலிருந்து இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தமிழிலேயே படித்தார்கள். இன்றும் அங்கே உயர்தர வகுப்புப் பரீட்சை எழுதுகிற மாணவனுக்கு முசலம் அன்றாடச் சொல். சொல்லின் வேரைப் பார்த்து, ஐரோப்பியன் எதை நினைத்துப் பெயர் வைத்தானோ அதையே பிடித்திருக்கிறார்கள். அந்த நுட்பத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால், உலக்கை என்று நேராகவே வைத்திருக்கலாமே? ஏன் முசலம் வரை போனார்கள்? என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். நமக்கு அடுப்படிச் சொல் என்றால் இளப்பம். உலக்கை என்றால் வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள். ஒன்றும் தெரியாதவனை 'உலக்கைக் கொழுந்து' என்று திட்டி வளர்ந்த ஜனங்கள் நாம். அதையே கொண்டுபோய் விஞ்ஞானப் புத்தகத்தில் எழுதுவதா என்று கூச்சம். இத்தாலியக் கம்மியனுக்கு அந்தக் கூச்சம் இல்லை. தன் வீட்டில் அம்மா இடித்த உலக்கையின் பெயரைப் பம்புக்கு வைத்தான். அது பாரிசுக்குப் போய், லண்டனுக்குப் போய், கப்பலேறி நம்மிடம் வந்தபோது பெரிய ஆங்கிலச் சொல்லாகிவிட்டது. நாம் அதைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டோம்.

இத்தனைக்கும் உலக்கைக்குத் தமிழில் இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமா? குறுந்தொகையில் ஒரு காட்சி வருகிறது. பச்சை அவல் இடித்த பெண்கள், வைரம் பாய்ந்த உலக்கையை நெல்வயலின் வரப்பிலே படுக்கவைத்துத் தூங்கப் பண்ணிவிட்டு விளையாடப் போகிறார்கள். குழந்தையைத் தூங்க வைப்பதுபோல உலக்கையை! சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் உலக்கைப் பாட்டான வள்ளைப்பாட்டு இருக்கிறது. அங்கே கரும்பே உலக்கை, இடிபடுவது முத்து. திருவாசகத்தில் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்கள் இருபது பாட்டுப் பாடுகிறார்கள். கல்யாண வீட்டில் மஞ்சள் இடிக்க இன்றும் உலக்கைக்கு அலங்காரம் உண்டு. தில்லியிலும் மும்பையிலும் மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்கிறவர்கள் அதற்காகவே யார் வீட்டிலாவது இரவல் உலக்கை தேடுவதை நானே பார்த்திருக்கிறேன். இவ்வளவு வாழ்ந்த சொல்லுக்கு ஓர் இயந்திர உறுப்பின் பெயராக இருக்கத் தகுதியில்லையா என்ன?

தமிழ்நாட்டு மெக்கானிக் இந்தச் சர்ச்சை எதிலும் தலையிடவில்லை. அவர் பிஸ்டனையே தமிழாக்கிவிட்டார். 'பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு சார்', 'ரிங்கு போயிருச்சு, அதான் புகை தள்ளுது', 'போர் பண்ணி ஓவர்சைஸ் போட்டாத்தான் நிக்கும்.' இந்த வாக்கியங்களில் வினை எல்லாம் சுத்தத் தமிழ் என்பதைக் கவனியுங்கள். பிடித்தல், போதல், தள்ளுதல், நிற்றல். பெயரை இரவல் வாங்கி வினையைச் சொந்தமாகப் போட்டுக்கொள்வது பட்டறைத் தமிழின் குணம். இங்கே இந்திக்கார மிஸ்திரியும் அப்படியே, 'பிஸ்டன் பைட் கயா' என்கிறார். பெயர் எங்கிருந்தோ வந்தது, உட்கார்ந்தது மட்டும் இந்தி. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு படி மேலே போய், வேலைக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு இருப்பதைப் 'பிஸ்டன் இருக்கிறது' என்று சொல்கிறார்கள். பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிடுகிறார் அல்லவா? அர்த்தம் விளக்கத் தலைநகரத்துவாசிகளுக்கு நான் தேவையில்லை.

பிஸ்டன் செய்யும் தொழிலில் நம்மூருக்குப் பெரிய பங்கு இருப்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன். சென்னை செம்பியத்தில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தார் 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நாடு விடுதலை அடைந்து இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. தில்லிக்குப் பக்கத்தில் காஜியாபாத்தின் ஸ்ரீராம் பிஸ்டன்ஸ் 1960களில் வந்தது. கார் பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலவையில் வார்க்கப்படுகிறது. இரும்பைவிட லேசு, சூட்டையும் சீக்கிரம் கடத்திவிடும். அந்த யோசனையை 1913 வாக்கில் பிரபலப்படுத்தியவர் பென்ட்லி கார் புகழ் டபிள்யூ.ஓ. பென்ட்லி. பிரான்சில் ஒரு கார் கம்பெனிக்குப் போனவர், மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த அலுமினியக் குட்டிப் பிஸ்டனைப் பார்த்து, இதையே நிஜமாகப் போட்டால் என்ன என்று கேட்டாராம். வெறும் அலுமினியம் சூட்டில் தாங்காது என்று செம்பு கலந்து வார்க்கச் செய்தார்.

சொல்லைப் பற்றிய இந்தப் பேச்சு வெறும் பொழுதுபோக்கு அல்ல. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிகல் இரண்டு பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளின் விடைத்தாளில் பிஸ்டன் இருக்க வேண்டுமா, உந்துதண்டு இருக்க வேண்டுமா? யாழ்ப்பாணத்துப் பிள்ளை முசலம் என்று எழுதி, திருச்சிப் பிள்ளை உந்துதண்டு என்று எழுதினால், ஒருவர் புத்தகத்தை ஒருவர் எப்படிப் படிப்பது? புதிய தலைமுறைக்குப் பிஸ்டனே வேண்டாம், பேட்டரி வண்டி வந்துவிட்டது என்று என் மருமகன் வாதாடினார். பேட்டரி வண்டிக்குப் பிரேக் வேண்டாமா? டிஸ்க் பிரேக்கின் பிடிக்குள் பட்டையைத் தள்ளுவது ஒரு குட்டிப் பிஸ்டன். பல வீட்டு ஃபிரிட்ஜ் கம்ப்ரெஸருக்குள் இருப்பதும் பிஸ்டன். ஊசி போடும் சிரிஞ்சில் நர்ஸம்மா கட்டைவிரலால் தள்ளுவதும் அதன் தம்பிதான்.

என் கட்சி இதுதான். பட்டறையில் பிஸ்டன் என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், அதை யாராலும் அசைக்க முடியாது. ஆனால் புத்தகத்தில் தமிழ் எழுதத்தான் வேண்டும் என்று யாராவது உட்கார்ந்தால் உலக்கை என்றே எழுதட்டும், அதன் வளையத்துக்குப் பூண் என்றே எழுதட்டும். சிரிக்கிற பையன் இரண்டு நாள் சிரிப்பான், மூன்றாம் நாள் பழகிவிடும். இதற்கு மாறாகக் கருத்துள்ளவர்கள், கொங்குநாட்டு ஆயில் என்ஜின் பட்டறைகளிலோ தூத்துக்குடி விசைப்படகுகளிலோ வேறு பெயர் கேட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வரும்போது சொல்லுங்கள். அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை பதினொரு சொல் சேர்ந்திருக்கிறது.